சாவு இல்லாத துக்கத் துணி

பெம்பா பெரியவர் அச்சியாவின் வீட்டுக்கு டாக்சியில் போகவில்லை. அடும் கடைத்தெருவிலிருந்து பன்டாமா வரை நடந்தே போனார். டாக்சியில் ஏறினால் டிரைவர் எங்கே, எதற்கு என்று கேட்பான். கானா நாட்டுக் குமாசியில் ஒரு டாக்சிக்காரனுக்குக் காலையில் தெரிந்த விஷயம் மாலைக்குள் சந்தை முழுக்கத் தெரிந்துவிடும். எழுபத்தொரு வயதில் வெயிலில் நடந்து, மூச்சை ஒழுங்குபடுத்திக்கொண்டு, காலரைச் சரிசெய்துவிட்டுக் கதவைத் தட்டினார். திறந்தவன் ஒரு டாக்சி டிரைவர்.

"வாங்க பெரியவரே. அண்ணி, அடும் துணிக்கடை பெம்பா ஐயா வந்திருக்கார். நடந்தே வந்திருக்கார் போல, சட்டையெல்லாம் நனைஞ்சிருக்கு" என்று சார்ஃபோ உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தான்.

அச்சியா முப்பது வருஷம் ஒரு வங்கியில் தணிக்கைப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவள். போலீசுக்குப் போனால் மானம் போகும் என்று நினைப்பவர்கள் தங்கள் கணக்குச் சிக்கலை அவளிடம் கொண்டுவருவார்கள். சார்ஃபோ அவளுடைய கொழுந்தன். காலையில் டாக்சி ஓட்டுவான். மீதி நேரம் அண்ணிக்குத் துணையாக இருந்து, எல்லா வழக்கிலும் முதல் ஆளாகத் தப்பான ஆளைக் கண்டுபிடிப்பான்.

அவள் முதலில் தண்ணீர் கொடுத்தாள். அவர் குடித்து முடிக்கும்வரை பொறுத்திருந்தாள். பிறகு முறைப்படி சொன்னாள்: "இங்கே எல்லாரும் சௌக்கியம் அண்ணே. நீங்க வந்த காரியம் சொல்லுங்க."

பெம்பா நாற்காலியில் முதுகு சாயாமல் உட்கார்ந்திருந்தார். "என் கடையிலே திருட்டு நடந்திருக்கு. எடுத்தது ஃபோரிவா. பதினாலு வருஷமா என் கணக்கை எழுதுறவ."

"எவ்வளவு?"

"எட்டு மாசத்திலே ஆயிரத்து அறுநூத்து நாப்பத்தேழு சேடி."

சார்ஃபோ வாய்விட்டே கணக்குப் போட்டான். "மாசத்துக்கு இருநூறு சொச்சம். பதினாலு வருஷம் காத்திருந்துட்டு இருநூறா எடுப்பாங்க?"

"தொகை பெரிசில்லை தம்பி. என் வீட்டிலே திருட்டுங்கிறதுதான் பெரிசு" என்றார் பெம்பா. சொல்லும்போதே அவர் காது சூடேறியது. ஆறு தலைமுறையாகப் பேர் கெடாத குடும்பம். இந்தத் தலைமுறைக்கு மூத்தவர் அவர். ஞாயிற்றுக்கிழமை குடும்பக் கூட்டத்தில் இதை அவரே எழுந்து சொல்லியாக வேண்டும். திங்கட்கிழமை போலீஸ்.

"விவரமா சொல்லுங்க" என்றாள் அச்சியா.

ஒரு வீட்டில் சாவு விழுந்தால், அந்தக் குடும்பம் பெம்பாவின் கடைக்கு வந்து ஒரு துணியைத் தேர்ந்தெடுக்கும். சனிக்கிழமைச் சடங்குக்கு வருகிற சொந்தமெல்லாம் அதே துணியை உடுத்த வேண்டும். கடை எல்லோர் போனுக்கும் பணம் கட்டும் இணைப்பு ஒன்றை அனுப்பும். அக்ராவில் இருக்கிறவன், டமாலேயில் இருக்கிறவன் எல்லோரும் போனிலேயே பணம் கட்டிவிடுவார்கள். நடுவில் இருக்கும் கம்பெனி தன் கமிஷனைப் பிடித்துக்கொண்டு மீதியை மறுநாள் வங்கியில் போடும். ஃபோரிவா ஒரு பக்கம் முழு விலையை எழுதுவாள், அடுத்த கட்டத்தில் இரண்டு சதவீதம் கமிஷன், அதற்கடுத்து வங்கிக்கு வர வேண்டிய தொகை. அந்தத் தொகைதான் எட்டு மாதமாக வரவில்லை. குறைவாகவே வந்தது.

"கம்பெனி கூடுதலாப் பிடிச்சிருக்கலாமே?" என்றாள் அச்சியா.

"அவங்க ஆளுக்கு நானே போன் பண்ணிக் கேட்டேன். 'ரெண்டு பர்சன்ட், ஐயா, கானா முழுக்க ஒரே ரேட்'டுன்னான்."

"ஃபோரிவா என்ன சொன்னா?"

"'நான் எடுக்கலை ஐயா, அதுக்கு மேலே என்னைக் கேக்காதீங்க'ன்னா. இது ஒரு பதிலா? போன வெள்ளிக்கிழமை அவ கைப்பையை வாங்கி நானே கொட்டிப் பார்த்தேன்."

"எங்கே?"

"கடையிலே."

"யாரெல்லாம் இருந்தாங்க?"

பெம்பா காலரைச் சரிசெய்தார். "விக்கிற பொண்ணுங்க ரெண்டு பேர். வாங்க வந்தவங்க ஒரு நாலஞ்சு பேர்."

பையில் ஒரு சீப்பு, தலைவலி மாத்திரை, வீட்டுச் சாவி, டப்பாவில் அவித்த சேனைக்கிழங்கு இருந்தன. கிழங்கு உருண்டு ஒரு வாடிக்கையாளரின் காலடிக்குப் போனதை அவர் அச்சியாவிடம் சொல்லவில்லை.

அச்சியா கேட்ட அடுத்த கேள்வி அவருக்குச் சம்பந்தமில்லாததாகப் பட்டது. "உங்க குடும்பத்திலே வெளிநாட்டிலே யாராவது இருக்காங்களா அண்ணே?"

"யாரும் இல்லை" என்றார் பெம்பா.

சார்ஃபோ ஏதோ சொல்ல வாயெடுத்தான். அச்சியா அவனைப் பார்த்தாள். அவன் இருமிக்கொண்டான்.

அன்று பிற்பகல் மூவரும் கடைக்குப் போனார்கள். இந்த முறை பெம்பா டாக்சியில்தான் போக வேண்டியிருந்தது. அச்சியா கணக்குப் புத்தகத்தைத் தொடுவதற்கு முன்னால் அலமாரிகளைச் சுற்றி வந்தாள். கறுப்பு, சிவப்பு, வெள்ளையில் கறுப்பு என எல்லாக் கட்டுகளும் புதிது.

"பழைய சரக்கு எங்கே அண்ணே? ஒரு குடும்பம் எடுத்தது போக மிச்சம் நிக்குமே. ஒருத்தர் வீட்டுச் சாவுக்குக் கட்டின துணியை மறு மாசம் யார் வாங்குவா?"

இதுதான் பெம்பாவுக்குப் பிடித்த பேச்சு. "என் கடையிலே நிக்காதும்மா. எதை எவ்வளவு எடுக்கணும்னு எனக்குத் தெரியும். துணி வியாபாரிகள் சங்கத்திலே போன மாசம் என்னைத் தலைவராக்கினதே அதுக்குத்தான். பக்கத்துக் கடைக்காரங்க எல்லாம் மிச்சத் துணியைக் கட்டிக்கிட்டு அழறாங்க. நம்ம கடையைப் பாரு."

"பார்த்தேன்" என்றாள் அச்சியா.

பிறகு உட்கார்ந்து கணக்கைப் புரட்டினாள். ஃபோரிவாவின் எழுத்து எறும்பு வரிசை போல இருந்தது. "பிப்ரவரியிலே குறைஞ்சது எவ்வளவு?"

"இருநூத்தி அஞ்சு சேடி, அறுபது பெசேவா."

"அறுபது பெசேவா சில்லறையை எண்ணி எடுக்கிற திருடியை நான் பார்த்ததில்லை" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். "கம்பெனி மாசாமாசம் ஒரு விவரம் அனுப்பும். ஒவ்வொரு பணத்துக்கும் எவ்வளவு பிடிச்சாங்கன்னு. அது எங்கே?"

"என் ஈமெயிலுக்கு வரும். வேற யார் பார்க்கவும் நான் விடுறதில்லை."

"நீங்க படிச்சீங்களா?"

"என் கடைக் கணக்கை நான் படிக்காமலா?"

"அப்போ திறந்து காட்டுங்க."

கண்ணாடியைக் கொண்டுவரவில்லை என்றார். சார்ஃபோ உடனே தன் கண்ணாடியைக் கழற்றி நீட்டினான். பெம்பா போனை எடுத்தார். விரல் அங்கும் இங்கும் அலைந்தது. ஒரு முறை கேமரா திறந்து அவர் முகத்தையே காட்டியது. கடைசியில் சார்ஃபோதான் வாங்கித் திறந்தான்.

"ஆயிரத்து முந்நூத்திப் பன்னெண்டு மெயில் பிரிக்காம கிடக்கு பெரியவரே. ஒண்ணையும் தொட்டதே இல்லை போல."

விற்பனைப் பெண் டூஃபி துணி மடிப்பதை நிறுத்திவிட்டு, பிறகு முன்னைவிட வேகமாக மடித்தாள். பெம்பா கூரையில் சுற்றும் விசிறியைப் பார்த்துக்கொண்டு நின்றார். ஈமெயிலை அமைத்துக் கொடுத்தவள் இப்போது இங்கில்லை. வேறொருவரிடம் கேட்பது தன் வயதுக்கு அழகில்லை என்று ஐந்து வருஷம் அப்படியே விட்டிருந்தார். ஃபோரிவாவின் கைப்பையில் அவர் தேடியது இத்தனை நாளும் அவருடைய சட்டைப் பையிலேயே இருந்திருக்கிறது.

அச்சியா எட்டு விவரங்களையும் அச்செடுத்து வாங்கிக்கொண்டாள். துணி கொண்டுபோய்க் கொடுக்கும் மோட்டார் சைக்கிள்காரனின் சீட்டுகளையும் கேட்டாள். சில சீட்டுகளைத் தனியே எடுத்துச் சார்ஃபோவிடம் கொடுத்தாள். "இதெல்லாம் வேற வேற பேர். ஆனா முகவரி ஒண்ணுதான். சுவாமே, தேவாலயத்துக்குப் பின்னாலே நீலக் கேட். போய்ப் பார்த்துட்டு வா."

மறுநாள் சார்ஃபோ கடைக்குள் நுழையும்போதே அவன் முகத்தில் வழக்கு முடிந்திருந்தது. "அண்ணி, நீலக் கேட் யார் வீடு தெரியுமா? ஃபோரிவா வீடு. ஜன்னல் வழியாப் பார்த்தேன். தரையிலேருந்து கூரை வரைக்கும் துணி. எல்லாம் நம்ம பெரியவர் கடைத் துணி. கட்டிலுக்குக்கூட இடமில்லை, பாயிலே படுக்குறாங்க போல." போனில் படத்தைக் காட்டினான்.

பெம்பா படத்தைப் பார்த்தார். தான் சொன்னது சரியென்று ஆகிவிட்டது. "போலீசைக் கூப்பிடு" என்றார்.

"ஒரு நிமிஷம்" என்றாள் அச்சியா. படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள். "சார்ஃபோ, இதிலே ஏதாவது ஒரு கட்டு பிரிச்சிருக்கா?"

"இல்லை. டேப் ஒட்டினது ஒட்டினபடி இருக்கு."

"திருடின துணியை விக்காம, உடுத்தாம, பிரிச்சுக்கூடப் பார்க்காம, தான் படுக்கிற இடத்தையும் விட்டுக் குடுத்து அடுக்கி வைப்பாங்களா?" போனைத் திருப்பிக் கொடுத்தாள். "அண்ணே, நாளைக்குச் சாயந்திரம் ஃபோரிவாவைக் கடைக்கு வரச் சொல்லுங்க. அதுக்கப்புறமும் போலீஸ் வேணும்னா நானே கூப்பிடுறேன்."

வெள்ளிக்கிழமை நாலு மணிக்குக் கடையின் பாதிக் கதவை இறக்கினார்கள். ஃபோரிவா வந்திருந்தாள். ஐம்பது வயது, மெலிந்த உடம்பு, இஸ்திரி போட்ட சட்டை. கைப்பை கொண்டுவரவில்லை. பெம்பா அதைக் கவனித்தார். பிறகு அவளைப் பார்க்கவில்லை.

"பொண்ணுங்களை வெளியே அனுப்பிடலாம்" என்றார்.

"இருக்கட்டும் ஐயா" என்றாள் ஃபோரிவா. "பையைக் கொட்டினப்போ இருந்தாங்க. இப்பவும் இருக்கட்டும்."

அச்சியா மேஜைமேல் தாள்களைப் பரப்பினாள். "முதல்லே இந்த அறுபது பெசேவா. இருநூத்தி அஞ்சு அறுபதுங்கிறது பத்தாயிரத்து இருநூத்து எண்பதிலே சரியா ரெண்டு பர்சன்ட். பிப்ரவரியிலே நீலக் கேட்டுக்குப் போனது எட்டு முழுத் துணி. ஒண்ணு ஆயிரத்து இருநூத்து எண்பத்தஞ்சு. எட்டாலே பெருக்கிப் பாருங்க."

சார்ஃபோ போனைத் தட்டினான். "பத்தாயிரத்து இருநூத்து எண்பது."

"எட்டு மாசமும் இப்படித்தான் ஒத்துப்போகுது. அப்போ யாரும் பணத்தை எடுக்கலை. அந்தத் துணிகளுக்கு மட்டும் கமிஷன் ரெண்டுக்குப் பதிலா நாலு பிடிச்சிருக்காங்க. கம்பெனிக்காரன் அண்ணன்கிட்டே பொய் சொல்லலை. கானா முழுக்க ரெண்டுதான். வெளிநாட்டுக் கார்டுக்கு நாலு. அண்ணன் அதைக் கேக்கலை, அவனும் சொல்லலை. விவரத்திலே எழுதியிருக்கு, ஒவ்வொரு வரியிலேயும்."

"வெளிநாட்டிலே இருக்கிற சொந்தக்காரங்க கட்டியிருப்பாங்க. அதிலே என்ன இருக்கு?" என்றார் பெம்பா.

"கட்டலாம். ஆனா சாவுக்குக் கட்டுறவங்க சனிக்கிழமைக்கு முன்னாடி கட்டுவாங்க. இந்த அறுபத்து மூணு ஆர்டரும் சடங்கு முடிஞ்சு ரெண்டு வாரம், மூணு வாரம் கழிச்சு வந்தது. எல்லாம் மிச்சம் நின்ன துணி. இந்த ஊரிலே யாருக்கும் வேண்டாத துணி. சாவே இல்லாம துக்கத் துணி வாங்குறவங்க யாரு?" அவள் தாளிலிருந்து தலையைத் தூக்கினாள். "துணி தேவைப்படாதவங்க. அவங்களுக்குத் தேவை இந்தக் கடை விக்கணும், அவ்வளவுதான்."

அச்சியா அடுத்த தாளை எடுத்தாள்.

"எது மிச்சம், எத்தனை மிச்சம்னு கடைக்குள்ளே இருக்கிற ஒருத்தர்தான் சொல்லியிருக்க முடியும். வாங்கினதை எங்கேயாவது அடுக்கணும். அதுக்கும் அவங்களே வீட்டைக் குடுத்திருக்காங்க. அறுபத்து மூணு வேற வேற பேரைப் போட்டிருந்தாலும் கார்டு ஒண்ணுதான், கடைசி நாலு எண்ணும் ஒண்ணுதான். நாடு ஜெர்மனி. அண்ணே, நான் உங்களை ஒரு கேள்வி கேட்டேன். அவசரமே படாத நீங்க அதுக்கு மட்டும் அவசரமா பதில் சொன்னீங்க."

சார்ஃபோவால் அதற்குமேல் அடக்க முடியவில்லை. "உங்க தங்கச்சி மக பிராகோ ஹாம்பர்க்லே இருக்கறது சந்தைக்கே தெரியும் பெரியவரே."

ஃபோரிவாதான் பேசினாள். மேஜைமேல் இருந்த தாள்களைப் பார்த்தே பேசினாள்.

"ஜனவரியிலே கடை வாடகை கட்டப் பணம் இல்லை ஐயா. நீங்க சரக்கை அளவுக்கு மீறி எடுத்துட்டீங்க. உங்ககிட்டே சொன்னா, கணக்கு எழுதுறவ கணக்கை மட்டும் எழுதுன்னீங்க. நான் பிராகோகிட்டே சொன்னேன். உங்க பேரிலே பணம் அனுப்புறேன், கடையிலே போடுங்கன்னா. கணக்கிலே இல்லாத பணத்தை நான் எப்படிப் போடுவேன்? அப்புறம்தான் இந்த வழி. மாமாவுக்கு மட்டும் தெரியக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிக்கிட்டா."

"ஏன்?" என்றாள் டூஃபி. கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டாள்.

"அவ அம்மா சாவிலே மொய்ப் பணம் வாங்கி ரசீது எழுதுற மேஜையிலே நான்தான் உட்கார்ந்திருந்தேன்" என்றாள் ஃபோரிவா. "மக குடுத்த பணம். ரசீதும் எழுதிட்டேன். அப்புறம் குடுத்தவங்க பேரை மைக்கிலே படிக்கணும், அதுதான் வழக்கம். ஐயா வந்து ரசீதைக் கிழிச்சார். கவரை அவ கையிலே திணிச்சார்."

அன்று சொன்ன சொல்லை அவள் சொல்லாமல் விட்டாள். பெம்பாவுக்கு அது நினைவிருந்தது. அந்நியன் மலம் அள்ளிய காசு எங்கள் வீட்டுச் சாவில் சேராது என்று இருநூறு பேர் முன்னால் சொன்னார். பிராகோ ஜெர்மனியில் முதியோர் இல்லத்தில் வேலை பார்க்கிறாள் என்று யாரோ அன்று காலையில்தான் அவரிடம் சொல்லியிருந்தார்கள். குடும்பத்தின் பேரைக் காப்பாற்றிவிட்டதாக அன்று இரவு நிம்மதியாகத் தூங்கவும் செய்தார்.

பிராகோ கட்டியது மொத்தம் எண்பத்திரண்டாயிரத்து முந்நூற்று ஐம்பது சேடி. வாடகை, கூலி, சங்கத் தலைவர் பதவி, நிக்காத சரக்கு என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்ட பெருமை, எல்லாம் அந்தக் காசில்தான் நின்றிருக்கின்றன. தாய்மாமன் தூக்கி எறிந்த பணம் அறுபத்து மூன்று பொய்ப் பெயர்களில் திரும்ப வந்திருக்கிறது. கொடுக்கவும் ஒரு கமிஷன் அதிகமாகப் பிடித்திருக்கிறார்கள். அந்தக் கமிஷனைத்தான் அவர் திருட்டு என்றார்.

பெம்பா எழுந்தார். மூத்தவர்கள் தாங்களாகப் பிழை ஒப்புக்கொள்வது வழக்கமில்லை. நடுவில் ஒருவர் நின்று அவர்களுக்காகப் பேச வேண்டும். அவர் அச்சியாவைப் பார்த்தார். "என் சார்பா நீ அவகிட்டே சொல்லும்மா. என்ன பரிகாரம் கேட்டாலும் செய்யறேன்."

"சொல்லலாம் அண்ணே" என்றாள் அச்சியா. "பையைக் கொட்டினப்போ நடுவிலே யாரை வெச்சீங்க?"

பெம்பா மேஜையைச் சுற்றி ஃபோரிவாவின் பக்கம் வந்தார். நான்கடி தூரம்தான்.

"ஃபோரிவா. நீ திருடலை. நான் உன்னைத் திருடின்னேன். படிக்கத் தெரியாத கணக்கைப் படிச்சேன்னு சொன்னேன். இந்தப் பொண்ணுங்க முன்னாடி உன் பையைக் கொட்டினேன். தப்பு என்னோடது."

டூஃபி தலை குனிந்துகொண்டாள், அவருக்காகக் கூச்சப்பட்டவள் போல. அது அவருக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

"அன்னைக்குத் துணி வாங்க வந்தவங்களுக்கும் தெரியணும் ஐயா" என்றாள் ஃபோரிவா. "அதிலே ரெண்டு பேர் என் தேவாலயத்துக்காரங்க. அதுலேருந்து என் பக்கத்திலே உக்கார மாட்டேங்கிறாங்க."

"ஞாயிற்றுக்கிழமை நானே வர்றேன். சுவாமேக்கு."

"சரிங்க ஐயா." மன்னித்தேன் என்று அவள் சொல்லவில்லை. கணக்குப் புத்தகத்தைத் தன் பக்கம் இழுத்து, ஒரு கோடு போட்டுப் புதுக் கட்டம் ஒன்றைப் பிரித்தாள். "வெளிநாட்டுக் கார்டுக்கு இனிமே தனியா எழுதணும். முதல்லேயே பிரிச்சிருந்தா இவ்வளவு வந்திருக்காது. அது என் தப்பு. நாடு பேரை எழுத வேண்டியிருக்கும்னு விட்டுட்டேன்."

பெம்பா அந்தக் கட்டத்தைப் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு தன் போனை அவளிடம் நீட்டினார். "பிராகோ எண்ணைப் போட்டுக் குடு."

"இப்போ அவ டூட்டியிலே இருப்பா."

"போடு."

ஃபோரிவா எண்ணைப் போட்டுக் கொடுத்தாள். நான்கு முறை அடித்தது. தெரியாத கானா எண் என்று தயங்கியிருப்பாள்.

"யாரு?"

"நான் பெம்பா. உன் மாமா."

அவள் கேட்டாள், மிக மெதுவாக: "யார் செத்துட்டாங்க மாமா?"

தன் குரல் கேட்டால் அந்தப் பெண்ணுக்குச் சாவைத் தவிர வேறு எதுவும் தோன்றாது என்பது அப்போதுதான் உறைத்தது.

"யாரும் சாகலை" என்றார். "எல்லாரும் சௌக்கியம். நான்தான் பேசணும்னு கூப்பிட்டேன்."

அவள் அழுகிறாளா என்று தெரியவில்லை. தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. "மாமா, வெச்சிடாதீங்க. ஒருத்தரைக் குளிப்பாட்டிட்டு இருக்கேன். தொண்ணூறு வயசு. பாதியிலே விட்டா குளிர்லே நடுங்குவார். ஒரு அஞ்சு நிமிஷம் இருக்கீங்களா?"

"இருக்கேன்."

போன் எங்கோ ஓரமாக வைக்கப்பட்டது. தூரத்தில் அவள் குரல் அவருக்குத் தெரியாத மொழியில் ஏதோ சொன்னது, சின்னக் குழந்தையிடம் பேசுவது போல. ஒரு கிழவர் கரகரத்த குரலில் ஏதோ முனகினார், பிறகு சிரித்தார். அவளும் சிரித்தாள். தண்ணீர் நின்று மறுபடியும் விழுந்தது.

ஃபோரிவா ஸ்டூலை அவர் பக்கம் நகர்த்தினாள். அவர் உட்காரவில்லை. பாதி இறங்கிய கதவுக்கு வெளியே ஒரு பெண்மணி குனிந்து, கடை உண்டா என்று கேட்டாள். பெம்பா அவளைப் பார்த்து, கொஞ்சம் பொறு என்று ஒரு விரலை உயர்த்திக் காட்டினார். பிறகு போனைக் காதோடு இன்னும் அழுத்திக்கொண்டு, அந்தக் கிழவர் குளித்து முடிக்கட்டும் என்று நின்றார்.